மூன்றாவது சொல்

டண்டீ, ஸ்காட்லாந்து. 1984, பிப்ரவரி.

பதினைந்து பேர் நாங்கள்.
கண்ணாடிக் கிண்ணத்தில் சீட்டுகளைக் குலுக்கி
ஒவ்வொரு பெயராக எடுத்தார்கள்.
பேருந்து ஓட்டுகிறவன் நான், ஒன்பதாம் ஆள்.
இடப்பக்கம் ஒரு பல் மருத்துவரின் மனைவி.
வலப்பக்கம், சணல் ஆலை மூடியபின்
எதுவாகவும் இல்லாத ஒருவர்.

கூண்டில் ஃபிண்ட்லே கெடஸ், வயது முப்பத்தொன்று.
இரவல் கோட்டு. தோளில் பெரிது,
மணிக்கட்டில் சிறிது.
இரு காவலர்களுக்கு நடுவே
நெரிசலில் இடம் கிடைத்த பயணியைப்போல்
முழங்கால்களை ஒடுக்கிக்கொண்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஒன்பது ஐந்துக்கு,
குழல் அறுத்த துப்பாக்கியோடு
ஹில்டவுன் அஞ்சலகத்தில் நுழைந்து
ஆயிரத்து நூற்று நாற்பது பவுண்டு.
பிள்ளைகளுக்கான உதவித்தொகை கொடுக்கும் நாள்.
தள்ளுவண்டிகளோடு வெளியே நின்ற தாய்மார்களுக்கு
அன்று கதவு திறக்கவே இல்லை.
குற்றப்பத்திரிகையில் இந்த வரி மட்டும் இல்லை.

அஞ்சலகத்தை நடத்தும் ஐசோபெல் ஸ்டரக்
சாட்சி சொல்ல ஏறினார்.
கைப்பையைத் திறந்தார், மூடினார், திறந்தார்.

'முகத்தைப் பார்த்தீர்களா?'
'துணி கட்டியிருந்தான்.'
'கண்கள்?'
'ஐயா, நான் பார்த்தது துளையை.
இரண்டு துளைகள், ஒட்டி ஒட்டி.
கொஞ்ச நேரம் உலகத்தில்
வேறு ஒண்ணுமே இல்லை.'
'ஏதாவது பேசினானா?'
'மன்னிச்சிரும்மான்னு சொன்னான்.'

குதிரைமயிர்ப் பொய்முடிக்குக் கீழே
நீதிபதியின் பேனா
அந்தச் சொல்லில் நின்று, பிறகு நகர்ந்தது.

ஓடுகையில் அவன் முழங்கை பட்டு
மிட்டாய் ஜாடி ஒன்று உடைந்திருக்கிறது.
பச்சை மிட்டாய், புளிப்பு,
சிறுவயதில் நாக்கைப் புண்ணாக்கிக்கொள்வோமே, அது.
கெடஸின் பூட்ஸ் அடியில்
அதே பச்சையில் ஒரு சில்லு.
உறையிலிட்டு முத்திரை வைத்த ஏழாம் சான்று
கைமாறிக் கைமாறி எங்களைச் சுற்றி வந்தது.
பல் மருத்துவரின் மனைவி அதை
மரகதம் வாங்க வந்தவர்போல் வெளிச்சத்தில் பிடித்தார்.

பால்வண்டிக்காரர் ஒருவர் ஓடியவனைப் பார்த்தாராம்,
பின்பக்கமாக.
முதுகு நன்றாக நினைவிருக்கிறது என்றார்.
துப்பாக்கி? டே நதியிடம் இருக்கலாம்.
நதியைச் சாட்சிக்கு அழைக்கவில்லை.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர்
அங்கிக்குள்ளிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்தார்.
'இன்று காலை எதிர்க்கடையில் வாங்கினேன்.
இந்த ஊரில் இன்னும் எத்தனை பூட்ஸ்களைத்
திருப்பிப் பார்க்கப் போகிறோம்?'
மிட்டாயை உள்ளே வையுங்கள் என்றார் நீதிபதி.
அதற்குள் நான்
என் காலணியை நினைத்துவிட்டேன்.

பூட்டிய அறை. ஆறிய தேநீர்.
முதலில் ஒருவர் புகைத்தார், பிறகு எல்லோரும்.
மூன்று சொற்களில் ஒன்றைத்தான் தரலாம்:
குற்றவாளி.
குற்றவாளி அல்ல.
நிரூபிக்கப்படவில்லை.
பின்னிரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று
ஆலைக்காரர் கேட்டார்.
இரண்டிலும் வீட்டுக்குப் போகலாம்.
அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை.

அவன்தான் செய்தான் என்று எனக்குத் தோன்றியது.
'தோன்றியது' என்பதை
எந்தப் பக்கம் புரட்டினாலும்
'தெரியும்' என்று ஆகவில்லை.
மூன்றாவதற்குக் கை தூக்கினேன்.
அது எட்டாவது கை.

கெடஸ் யாருக்கும் நன்றி சொல்லவில்லை.
கூண்டை விட்டு இறங்கி,
கோட்டைக் கழற்றி, தையல் பார்த்து மடித்து,
பின்வரிசையில் இருந்த உரியவரிடம் கொடுத்தான்.

மே மாதம் தபால்தலை வாங்க ஹில்டவுன் போனேன்.
எங்கள் தெருவிலேயே அஞ்சலகம் இருக்கிறது.
ஜாடிகளெல்லாம் பிளாஸ்டிக் ஆகியிருந்தன.
முகப்பில் தடித்த கண்ணாடி,
பேசுவதற்கு வட்டமாய் ஒரு துளை.
அதன் வழியே 'நாலு கொடுங்கள்' என்றேன்.

ஸ்டரக் நிமிர்ந்தார்.
இந்த முறை
முகத்தைத்தான் பார்த்தார்,
தபால்தலைகளைக் கிழித்து முடித்த பிறகும்.

சில்லறையைத் தள்ளிவிட்டு
'அடுத்து' என்றார்.
எனக்குப் பின்னால் யாரும் இல்லை.